அலைமேல் திரும்புதல்: பயிற்சியும் பின்னூட்டமும்

கொச்சியின் மட்டாஞ்சேரி நீர்க்கரையில் நின்று நோக்குவோர்க்குக் கடல் அலை தென்படுவதில்லை. எதிரே வில்லிங்டன் தீவு. இடையே காயல் நீர். படகு ஒன்று கடந்து சென்றால் அதன் பின்னே எழும் சிற்றலைகள் கரையில் மோதி ஓய்ந்துவிடும். மேற்கே சில கிலோமீட்டர் தொலைவில், போர்ட் கொச்சிக் கடற்கரையிலோ அரபிக்கடலின் அலைகள் இடைவிடாது உடைந்த வண்ணம் உள்ளன. ஒரே ஊரில் ஓரிடத்தில் அலை உடைவதும் மற்றோரிடத்தில் உடையாதிருப்பதும் ஏன்? இவ்வினாவுக்குரிய விடையே அலைச்சறுக்கு என்னும் விளையாட்டின் முதற் பாடமாகும்.

உடையத் தொடங்கும் அலையின் சரிவில், நீண்ட பலகை ஒன்றின்மீது எழுந்து நின்று, அலையோடு கரை நோக்கிச் சறுக்கி வருவதே அலைச்சறுக்கு. பசிபிக் பெருங்கடலின் ஹவாய்த் தீவினரிடையே தொன்றுதொட்டு வழங்கிய இவ்விளையாட்டு, 2021 ஆம் ஆண்டு நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில் முதன்முறையாக இடம்பெற்றது. நம் நாட்டில் கேரளத்தின் கோவளம், வர்க்கலை, கர்நாடகத்தின் முல்கி, தமிழ்நாட்டின் மாமல்லபுரம், சென்னைக்குத் தெற்கேயுள்ள மற்றொரு கோவளம் ஆகிய ஊர்களில் இது வேரூன்றியுள்ளது. பின்னர்க் குறித்த கோவளத்தில் மீனவரான மூர்த்தி மேகவன் தம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதனைக் கற்பித்துப் பயிற்சிப் பள்ளி ஒன்றையும் உருவாக்கினார். 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் நடைபெற்ற ஆசிய அலைச்சறுக்குப் போட்டியில் ரமேஷ் புதிஹால் வெண்கலப் பதக்கம் பெற்றார். அவர் கேரளக் கோவளத்தில் பயின்றவர்.

பலகைமீது எழுந்து நிற்கச் சில நாட்களில் பலரும் கற்றுக்கொள்கின்றனர். ஆனால் நின்றபின் வேண்டிய திசையில் திரும்புதல் அவ்வளவு எளிதன்று. பல மாதங்கள் கடலில் இறங்கியும் நேர்க்கோட்டில் கரைசேருவதற்கு மேல் முன்னேறாதவர் உளர். சலிப்புற்றுக் கைவிடுபவரும் உளர். அவர்களுடைய உழைப்பில் குறையில்லை. தாம் செய்த பிழை இன்னதென்று அவர்களுக்குத் தெரிவதில்லை என்பதே குறை. திறமை என்பது கடலில் கழித்த மணிகளின் கூட்டுத்தொகையன்று. பிழை அறிந்து திருத்தப்பட்ட முயற்சிகளின் கூட்டுத்தொகையாகும். இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அலை உடைவது எவ்வாறு?

கடலில் அலை முன்னேறும்போது நீர் முன்னேறுவதில்லை; நீரின் வழியே ஆற்றலே முன்னேறுகிறது. தொலைவில் வீசிய காற்றினால் தோன்றிய அலைகள் நெடுந்தூரம் பயணம் செய்து, சீரான இடைவெளியுடன் கரையை அடைகின்றன. ஒரு முகடு கடந்தபின் அடுத்த முகடு வர 10 வினாடி ஆகுமெனக் கொள்வோம். ஆழ்கடலில் அத்தகைய அலையின் நீளம் சுமார் 156 மீட்டர். அதன் வேகம் மணிக்குச் சுமார் 56 கிலோமீட்டர்.

கரையை நெருங்குங்கால் அலையின் அடிப்பாகம் கடற்படுகையை உணரத் தொடங்குகிறது. அதன் வேகம் குறைகிறது; நீளம் சுருங்குகிறது; உயரம் கூடுகிறது. நீரின் ஆழம் அலையின் உயரத்தைப்போல் ஏறத்தாழ ஒன்றேகால் மடங்காகக் குறைந்தவுடன், முகடு அடிப்பாகத்தை முந்திச் சென்று கவிழ்கிறது. ஒரு மீட்டர் உயரமுள்ள அலை ஏறத்தாழ 1.3 மீட்டர் ஆழத்தில் உடையும் என்று கணக்கிடலாம். ஆகவே அலை உடையுமிடத்தை முடிவு செய்வது பெரும்பாலும் கடற்படுகையே.

கொச்சித் துறைமுகத்தின் வரலாறு இதற்கு நல்ல சான்று. முற்காலத்தில் காயலின் முகத்துவாரத்திற்கு வெளியே ஆழங்குறைந்த மணல்திட்டு ஒன்று குறுக்கே கிடந்தது. பெரிய கப்பல்கள் அதனைக் கடந்து உள்ளே வர இயலவில்லை. ராபர்ட் பிரிஸ்டோ என்னும் பொறியாளரின் மேற்பார்வையில் அத்திட்டு அகழப்பட்டு, 1928 ஆம் ஆண்டு கப்பல்களுக்கு வழி திறக்கப்பட்டது. அகழ்ந்தெடுத்த மண்ணைக் கொண்டே வில்லிங்டன் தீவு உருவாக்கப்பட்டது. ஆழப்படுத்தப்பட்ட கால்வாயில் சாதாரண அலை உடைவதற்கு வேண்டிய ஆழக்குறைவு இல்லை. முகத்துவாரம் குறுகலானதால், உட்புறத்திலுள்ள மட்டாஞ்சேரிக்குக் கடல் அலையின் ஆற்றல் வந்து சேர்வதும் இல்லை.

கேரளக் கரைக்கே உரிய மற்றொரு நிகழ்ச்சியும் உண்டு. தென்மேற்குப் பருவக்காலத்தில் ஆலப்புழை முதலிய இடங்களை ஒட்டிய கடலில் குழம்பு போன்ற சேறு திரண்டு நிற்கும். அச்சேறு அலையின் ஆற்றலை உறிஞ்சிவிடுவதால் சுற்றிலும் கடல் கொந்தளிக்க, அவ்விடம் மட்டும் அமைதியாக இருக்கும். மீனவர் இதனைச் ‘சாகர’ என அழைத்து, மீன்வளம் மிக்க காலமாகப் போற்றுவர். மீன்பிடிப்போருக்கு நன்மை தரும் அவ்வமைதி சறுக்குவோருக்குப் பயன்படுவதில்லை.

உடையும் முறையிலும் வேறுபாடு உண்டு. அலை முழுவதும் ஒரே நேரத்தில் கவிழ்ந்தால் சறுக்குவோருக்கு நேரே கரைக்கு வருவதன்றி வேறு வழியில்லை. படுகையின் அமைப்பாலோ அலை சாய்வாக வருவதாலோ, முதலில் ஓரிடத்தில் உடைந்து, அவ்வுடைப்பு பக்கவாட்டில் சீராகப் பரவுமாயின், அதற்கு முன்னால் உடையாத சரிவு ஒன்று எஞ்சியிருக்கும். அச்சரிவின்மீது உடைப்புக்குச் சற்று முன்னதாகவே செல்வதுதான் சறுக்குதலின் சாரம். அதற்குத் திரும்பத் தெரிந்திருத்தல் இன்றியமையாதது.

திரும்புதலின் பௌதிகம்

மிதிவண்டி ஓட்டுபவர் வளைவில் உட்புறமாகச் சாய்வதை அனைவரும் அறிவர். அலைமேல் திரும்புவதும் அவ்விதிக்கு உட்பட்டதே. சறுக்குபவர் ஒரு பக்கம் சாயும்போது பலகையின் அப்பக்க விளிம்பு நீரில் அழுந்துகிறது. வளைந்த அடிப்பாகமும் விளிம்பும் நீரை வெளிப்புறமாகத் தள்ள, நீர் பலகையை வளைவின் மையத்தை நோக்கித் தள்ளுகிறது. பலகையின் பின்புறம் அடியில் பொருத்தப்பட்ட செதில்கள் அது பக்கவாட்டில் வழுக்கிச் செல்லாமல் தடுக்கின்றன. 1935 இல் அமெரிக்கரான டாம் பிளேக் பலகையில் செதில் பொருத்தினார். 1980 இல் ஆஸ்திரேலியரான சைமன் ஆண்டர்சன் அமைத்த மூன்று செதில் முறை பின்னர் எங்கும் பரவியது.

திருப்பத்தின் அளவு வேகத்தையும் சாய்வையும் பொறுத்தது. வினாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் செல்பவர் செங்குத்திலிருந்து 30 பாகை சாய்ந்தால் வளைவின் ஆரம் சுமார் 6.4 மீட்டர், 45 பாகை சாய்ந்தால் சுமார் 3.7 மீட்டர். வேகம் குறைந்த நிலையில் மிகுதியாகச் சாய்ந்தாலோ, உடலைத் தாங்கும் விசை போதாமல் உட்புறமாக வீழ நேரும். நின்றுவிடப்போகும் மிதிவண்டியைச் சாய்ப்பவர் விழுவது போன்றதே இது. ஆதலின், வேகம் பெறுதல் முதற்படி. திரும்புதல் அடுத்த படி. தொடக்கப் பயிற்சியாளர் பலர் இவ்வரிசையை மாற்றி, எழுந்து நின்றவுடனேயே திரும்ப முயன்று விழுகின்றனர்.

திருப்பத்தின் படிகள்

அலைச் சரிவின் அடிவாரத்தில் செய்யும் திருப்பத்தை அடித்திருப்பம் எனலாம். கீழிறங்கும்போது பெற்ற வேகத்தை வீணாக்காமல் மீண்டும் மேல்நோக்கிச் செலுத்துவது அதன் பணி. முகட்டின் அருகே சென்று மறுபடியும் கீழ்நோக்கித் திரும்புவது மேல்திருப்பம். உடைப்பிலிருந்து வெகுதூரம் முன்னே சென்றுவிட்டவர் ஆற்றல் மிக்க பகுதிக்குத் திரும்பி வருவது மீள்திருப்பம். இம்மூன்றனுள் அடித்திருப்பமே அடிப்படை. அது செவ்வையாக அமையாவிடில், மற்றவற்றிற்கு வேண்டிய வேகமும் திசையும் கிட்டா.

அடித்திருப்பத்தில் உடல் இயங்கும் வரிசை பின்வருமாறு: முதலில் கண், செல்ல வேண்டிய இடத்தை நோக்கும். தலை கண்ணையும், தோள் தலையையும், இடுப்பு தோளையும் பின்பற்றும். முழங்கால்கள் மடிந்து உடல் தாழும். எடை உட்புற விளிம்பின் மேல் சாயும். பலகை வளைந்து மேல்நோக்கத் தொடங்கியதும் முழங்கால்கள் மெல்ல நிமிரும்; அந்நிமிர்வு பலகையை மேலே உந்தும்.

பெரும்பாலும் காணப்படும் பிழைகள் ஐந்து. ஒன்று, செல்லுமிடத்தை நோக்காமல் காலடியையோ பலகையின் முனையையோ நோக்குதல். இரண்டு, முழங்காலை மடிக்காமல் இடுப்பை மட்டும் வளைத்துக் குனிதல். மூன்று, எடையை அளவுக்கு மேல் பின்காலில் வைத்துப் பலகையை நிறுத்திவிடுதல். நான்கு, தோளை மட்டும் திருப்பி இடுப்பைத் திருப்பாதிருத்தல். ஐந்து, காலம் தப்பித் திரும்புதல். அதாவது வேகம் பெறுமுன்னரோ, வேகம் இழந்த பின்னரோ திரும்புதல். இவ்வைந்தும் பெரும்பாலும் ஒரே முடிவைத் தரும்: பயில்பவர் நீரில் விழுவார். விழுந்தவருக்குத் தாம் விழுந்தது தெரியும். ஐந்தில் எதனால் விழுந்தோம் என்பது தெரியாது.

கடல் தரும் சிறுபொழுது

இச்சிக்கலைக் கடுமையாக்கும் மற்றொரு காரணம் உண்டு. கடலில் இறங்கியவர் அலைமேல் நிற்கும் நேரம் மிகச் சொற்பம். போட்டியாளர்களைக் கவனித்து 2012 ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட ஓர் ஆய்வில், அவர்கள் நேரத்தில் 54 விழுக்காடு கைகளால் துழாவி நீந்துவதிலும், 28 விழுக்காடு அலைக்காகக் காத்திருப்பதிலும் செல்ல, 8 விழுக்காடே அலைமேல் சறுக்குவதில் சென்றது எனக் கண்டனர். அதற்கு முன் 2006 இல் வெளியான ஆய்வில் இப்பங்கு ஏறத்தாழ 4 விழுக்காடே. 20 நிமிடப் போட்டியில் 4 முதல் 8 விழுக்காடு என்பது 48 முதல் 96 வினாடி மட்டுமே.

தேர்ந்தவர் நிலையே இதுவாயின், பயில்வோரின் நிலையைக் கூறவேண்டுவதில்லை. ஒரு மணி நேரத்தில் ஒருவர் 8 அலைகளைப் பிடித்து, அலைக்கு ஒரு திருப்பம் முயன்றார் எனக் கொண்டால், அவருக்குக் கிடைத்தவை எட்டே முயற்சிகள். தட்டெழுத்துப் பயில்பவர் ஒரு மணி நேரத்தில் ஆயிரக்கணக்கான எழுத்துகளை அடிக்க இயலும். வயலின் பயில்பவர் ஒரே வரிசையை நூறுமுறை வாசிக்க இயலும். அலையில் பயில்பவருக்கு அவ்வாய்ப்பு இல்லை. மட்டாஞ்சேரி மாணவர் ஒருவர் வர்க்கலைக்குச் செல்ல 150 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்தாக வேண்டும். அத்துணைச் செலவில் கிடைத்த எட்டு முயற்சிகளும் ஒரே பிழையின் எட்டுப் படிகளாகப் போய்விடலாகாது.

மேலும், எந்த இரண்டு அலைகளும் ஒத்திருப்பதில்லை. சோவியத் நாட்டு உடலியலறிஞர் நிக்கொலாய் பெர்ன்ஸ்டைன் 1920களில் சம்மட்டியால் அடிக்கும் தொழிலாளரின் அசைவுகளைப் படமெடுத்து ஆராய்ந்தார். கைத்திறன் மிக்கவரும் ஒவ்வோர் அடியிலும் மூட்டுகளைச் சிறிது வேறுவிதமாகவே அசைத்தனர். எனினும் சம்மட்டி இலக்கைத் தவறவில்லை. பயிற்சி என்பது ஒரே அசைவை அச்சடித்தாற்போல் திரும்பச் செய்வதன்று. ஒரே சிக்கலை ஒவ்வொரு முறையும் புதிதாகத் தீர்ப்பது என்பது அவர் கண்ட முடிவு. அலைச்சறுக்குக்கு இது முற்றும் பொருந்தும்.

பின்னூட்டம்: அளவும் காலமும்

ஒரு செயலின் விளைவைச் செய்தவருக்கே திருப்பி அறிவிக்கும் செய்தி பின்னூட்டம் எனப்படும். அது இருவகைப்படும். பலகையின் அதிர்வு, காலடியில் உணரும் அழுத்தம், வீழ்ச்சி முதலியன உடல் தானே அறிபவை. ஆசிரியரின் சொல், ஒளிப்படக் கருவியின் பதிவு முதலியன வெளியிலிருந்து கிடைப்பவை. முன்னது தெளிவற்றிருக்கும்போது பின்னது துணைசெய்ய வேண்டும்.

பின்னூட்டமின்றிச் செய்யும் பயிற்சியால் பயனில்லை என்பதை அமெரிக்க உளவியலறிஞர் எட்வர்டு தார்ண்டைக்கின் சோதனைகள் காட்டின. கண்ணைக் கட்டிக்கொண்டு குறித்த நீளமுள்ள கோடுகளை வரையும்படி சிலரைப் பணித்தார். பன்முறை வரைந்தும், விளைவு அறிவிக்கப்படாதபோது அவர்கள் முன்னேறவில்லை. ஒவ்வொரு கோட்டிற்கும் ‘சரி’, ‘தவறு’ என அறிவித்தவுடன் முன்னேற்றம் காணப்பட்டது. 1927 இல் அவர் இம்முடிவுகளை வெளியிட்டார்.

ஆயின் மிகுதியான பின்னூட்டமும் தீங்கே. 1990 இல் வின்ஸ்டைன், ஷ்மிட் ஆகிய இருவர் வெளியிட்ட ஆய்வில், கையசைவு ஒன்றைப் பயின்றவருள் ஒரு சாராருக்கு ஒவ்வொரு முயற்சிக்குப் பின்னும் விளைவு அறிவிக்கப்பட்டது. மற்றொரு சாராருக்குப் பாதி முயற்சிகளுக்கே, அதுவும் நாளடைவில் குறைத்து, அறிவிக்கப்பட்டது. மறுநாள் உதவியின்றிச் செய்யச் சொன்னபோது இரண்டாம் சாராரே மேம்பட்டு விளங்கினர். ஓயாமல் திருத்தப்படுபவர் பிறர் சொல்லையே ஊன்றுகோலாகக் கொண்டு, தம் உடல் தரும் செய்தியைக் கேட்க மறந்துவிடுகின்றனர். அலைமேல் தனியே நிற்கும்போது அவ்வூன்றுகோல் உடன்வராது.

சொல்லும் முறையும் கருதத்தக்கது. 1998 இல் வுல்ப் என்பவரும் உடன் ஆய்வாளரும் பனிச்சறுக்குப் பயிற்சிப் பொறியில் செய்த சோதனையில், தம் பாதத்தின் விசையில் கவனம் வைத்தவரைவிடப் பாதத்தின் அடியிலிருந்த உருளைகளின்மீது செலுத்தும் விசையில் கவனம் வைத்தவரே நன்கு கற்றனர். கவனம் உடலுறுப்பில் தங்காமல், அவ்வுறுப்பு செய்யும் பயனில் தங்குதல் நலம் என்பது இதனால் பெறப்படும். எனவே ‘வலது முழங்காலை உள்ளே தள்ளு’ என்பதைவிட ‘பலகையின் உள்விளிம்பை நீரில் அழுத்து’ என்பதும், ‘கழுத்தைத் திருப்பு’ என்பதைவிட ‘அலையின் தோளில் அந்த இடத்தைப் பார்’ என்பதும் பயன்தரும் கட்டளைகளாகும்.

இவற்றிலிருந்து ஆசிரியர் கைக்கொள்ளத்தக்க நெறிகள் நான்கு. முதலாவது, ஒரு முறைக்கு ஒரு திருத்தமே கூறுக. ஐந்து பிழைகள் தென்படினும் வரிசையில் முற்பட்டதையே எடுத்துக்கொள்க. பார்வை திருந்தினால் தோளும் இடுப்பும் பெரும்பாலும் தாமே திருந்திவிடும். இரண்டாவது, ஆசிரியர் பேசுமுன் மாணவரைப் பேசவிடுக. ‘எவ்விடத்தில் தவறியதாக உணர்ந்தாய்?’ என்று கேட்டு, அவர் கூறியபின் பதிவைக் காட்டுக. உணர்ந்ததற்கும் நிகழ்ந்ததற்கும் உள்ள வேறுபாட்டை அறிவதே கற்றலாகும். மூன்றாவது, மாணவர் தேறத்தேறத் திருத்தத்தைக் குறைத்துக்கொண்டே வருக. நான்காவது, செவ்வையாக அமைந்த திருப்பத்தையும் அதே கவனத்துடன் எடுத்துக்காட்டுக. எது சரி என்பதை அறியாதவருக்குப் பிழையைப் பற்றிய செய்தி பாதிச் செய்தியே.

கைப்பேசியில் உள்ள ஒளிப்படக் கருவியே பதிவுக்குப் போதுமானது. ஒவ்வொரு முறையும் கரையில் ஒரே இடத்திலிருந்து படமெடுத்தால் ஒப்பிட எளிதாகும். பலகை மட்டுமன்றி அலையின் உடைப்பும் படத்தில் அடங்க வேண்டும். இன்றேல் திருப்பம் காலம் தப்பியதா என்பது விளங்காது.

கரையில் செய்யும் பயிற்சி

அலையில்லாத மட்டாஞ்சேரியிலும் பயிற்சியின் ஒரு பகுதியைச் செய்ய இயலும். பள்ளி முற்றத்தில் சுண்ணாம்புக் கட்டியால் பலகையின் அளவில் ஒரு நீள்வட்டமும், அதற்கு முன்னே வளைந்த பாதை ஒன்றும் வரைக. பாதையின் முடிவில் ஓர் அடையாளத்தை நிறுத்துக. குப்புறப் படுத்த நிலையிலிருந்து எழுந்து, அடையாளத்தை நோக்கி, தாழ்ந்து, சாய்ந்து, நிமிரும் வரிசையை மாணவர் செய்து காட்டட்டும். எழுந்து நிற்றலும் பார்வையின் வரிசையும் இவ்வாறு நன்கு பழகும்.

முன்சக்கரங்கள் இருபுறமும் மிகுதியாகத் திரும்பும்படி அமைந்த சக்கரப் பலகையும் துணைசெய்யும். சமதளமான திறந்தவெளியில், தலைக்கவசமும் முழங்கால் காப்பும் அணிந்து, கற்களையோ கூம்புகளையோ இடைவெளிவிட்டு வைத்து, அவற்றினூடே திரும்பப் பழகலாம். கடலில் ஒரு மணி நேரத்தில் எட்டு முறை கிட்டும் வாய்ப்பு, தரையில் கால் மணி நேரத்திலேயே பன்மடங்கு கிட்டும்.

கூம்புகளை எப்போதும் ஒரே இடைவெளியில் வைத்தல் வேண்டா. ஷே, மார்கன் ஆகியோர் 1979 இல் வெளியிட்ட சோதனையில், மூன்று கையசைவுகளை ஒவ்வொன்றாகத் தொடர்ந்து பயின்றவர் பயிற்சியின்போது விரைந்து தேறினர். மாற்றி மாற்றிக் கலந்து பயின்றவர் முதலில் தடுமாறினும், பின்னர் நடந்த தேர்வில் மேலாக விளங்கினர். அலைகள் கலந்தே வருவன. ஆகவே பயிற்சியும் கலந்தே அமைதல் வேண்டும்.

எனினும் தரைப் பயிற்சியின் எல்லையை ஆசிரியர் மறத்தலாகாது. தரை நகர்வதில்லை, நீரைப்போல் விட்டுக்கொடுப்பதும் இல்லை. கண், தோள், முழங்கால் ஆகியவற்றின் ஒழுங்கைத் தரை கற்பிக்கும். எப்போது திரும்புவது என்பதை அலையே கற்பிக்க வேண்டும்.

ஒரு மாணவர், இரண்டு நாட்கள்

இந்நெறிகள் நடைமுறையில் இயங்குமாற்றைக் காண, மட்டாஞ்சேரி மாணவர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். அவர் நீச்சல் அறிந்தவர். பலகைமேல் நிற்கக் கற்றவர். ஒரு மாத காலம் முற்றத்தில் நாள்தோறும் கால் மணி நேரம் பயின்றபின், மழைக்காலம் நீங்கிய பருவத்தில் இரண்டு நாட்கள் வர்க்கலைக்குச் செல்கிறார்.

முதல் நாள் காலை, அவருடைய குறிக்கோள் ஒன்றே: திரும்புமுன் அலையின் தோளைப் பார்த்தல். மூன்று அலைகளுக்குப் பின் கரைக்கு வருகிறார். ‘பார்த்தேன், ஆயினும் விழுந்தேன்’ என்கிறார். பதிவைக் கண்டால், அவர் பார்த்தது உண்மை; ஆனால் பலகை திரும்பத் தொடங்கிய பின்னரே பார்த்திருக்கிறார். ‘எழுந்தவுடன் பார்’ என்னும் ஒரே சொல்லுடன் மீண்டும் கடலுக்குச் செல்கிறார். அடுத்த மூன்று அலைகளுள் ஒன்றில் பலகை வளைந்து மேலேறுகிறது. அப்பதிவை மட்டும் இருமுறை காட்டுகிறார் ஆசிரியர்.

மறுநாள் காலை, திருத்தம் ஏதும் கூறாமல் மூன்று அலைகள் விடப்படுகின்றன. முந்தைய நாளின் பாடம் உதவியின்றி நிலைத்திருந்தால் அதுவே கற்றல். நிலைக்காவிடில் அது அந்நேரத்துச் செயல்திறன் மட்டுமே. நிலைத்திருப்பின் அடுத்த பிழைக்குச் செல்லலாம். நாள், காற்று, அலையின் உயரம், குறிக்கோள், மாணவர் உணர்ந்தது, பதிவு காட்டியது, அடுத்த முறைக்குரிய ஒரே கட்டளை ஆகிய ஏழு செய்திகளையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தால், பல வாரங்களுக்குப் பின் செல்லும்போதும் விட்ட இடத்திலிருந்து தொடர இயலும்.

காப்பு

திறமையைப் பற்றிய எவ்வறிவுரையும் உயிர்க்காப்புக்குப் பின்னதே. துறைமுக முகத்துவாரத்தில் வற்றுநீரோட்டம் வலியது. கப்பல்களும் படகுகளும் இடைவிடாது செல்லும் வழி அது. அங்கே எவரும் பலகையுடன் இறங்கலாகாது. தென்மேற்குப் பருவக்காலத்துக் கொந்தளிப்பும் பயில்வோருக்கு ஏற்றதன்று. பருவமழைக்கு முந்திய மாதங்களிலும் கேரளக் கரையில் காற்றோ மழையோ இன்றித் திடீரெனக் கடல் பொங்கி ஏறுவதுண்டு. மீனவர் இதனைக் ‘கள்ளக்கடல்’ என்பர். தெற்கே வெகுதொலைவில் எழுந்த புயல்களின் நெடிய அலைகளே இதற்குக் காரணம். ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் இதற்கு முன்னெச்சரிக்கை வெளியிடுகிறது. கடலுக்குச் செல்லுமுன் அதனைப் பார்த்தல் ஆசிரியரின் கடமை.

கடல் உள்ளே இழுத்தால் நீரோட்டத்தை எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அதிலிருந்து விலக வேண்டும். பலகையைக் காலோடு பிணைக்கும் கயிறு அறுந்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்த்தல் வேண்டும். விழும்போது தலைகீழாகப் பாயாமல் உடலைப் பரப்பி விழுதலும், மேலெழும்போது கைகளால் தலையைக் காத்தலும் பழக்கமாக வேண்டும். உடைப்புக்கு மிக அருகில் இருப்பவருக்கே அந்த அலையில் முன்னுரிமை, பிறர் குறுக்கிடலாகாது. இவ்வொழுக்கங்களும் பயிற்சியாலும் பின்னூட்டத்தாலுமே அமைவன.

கீழைக்கரை மீனவர் கட்டுமரத்தில் அலைவாயைக் கடந்து மீளும் திறத்தை எந்நூலிலும் படித்தாரல்லர். தந்தையின் பக்கத்தில் அமர்ந்து, தவறிய இடத்தில் ஒரு சொல் கேட்டு, மறுநாள் மீண்டும் முயன்று கற்றனர். அலைப்பலகைக்கும் அவ்வழியே உரியது. எழுத்துப் பிழைகள் முழுவதையும் சிவப்பு மையால் வட்டமிட்டுக் கொடுத்தும் மாணவர் திருந்தாதது ஏன் என வியக்கும் ஆசிரியருக்கும், செயல்முறை விளக்கத்தைப் பத்துமுறை காட்டியும் பலனில்லை எனக் கவலுறும் கள ஊழியருக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. கற்பவர் முதலில் தம் பிழையைத் தாமே ஊகிக்கட்டும். பிறகு உள்ளதைக் காட்டுக. ஒன்றை மட்டும் திருத்துக. மறுநாள் துணையின்றிச் செய்யவிட்டு, பாடம் நிலைத்ததா எனப் பார்க்க.